கோலாலம்பூர் ரயில்கள்: கூட்டம் எங்கே, நெரிசல் எங்கே

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் தோளோடு தோள் உரசி ஏறி இறங்கியவர் வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் நல்ல கூட்டம்" என்பார். அதே ஆள் அடுத்த திங்கட்கிழமை காலை நகரின் பெரிய ரயில் சந்திப்பான கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது சொல்வது, "ஒரே நெரிசல்". ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை தலை என்று எண்ணினால் மலையில் நின்ற இடம்தான் ரயிலைவிட நெருக்கமாக இருந்திருக்கும். ஆனாலும் புகார் ரயில் மீதுதான்.

இதைப் புதிர் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒன்று, இடம் போதவில்லை என்று மனசு சொல்வது வேறொன்று என 1972இலேயே டேனியல் ஸ்டோகல்ஸ் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். நம் மொழியில் அந்தப் பிரிவு எப்போதோ நடந்துவிட்டது. கூட்டம், நெருக்கம், நெரிசல், நெருக்கடி என நான்கு சொற்கள். முதல் இரண்டில் ஆள் எண்ணிக்கை கூடும், மூச்சு முட்டாது. பின் இரண்டில் முட்டும். கோலாலம்பூரின் ரயில் தடங்களை இந்த ஒரு கணக்கில் மட்டும் எடை போடுகிறது இந்த மதிப்பீடு. சுத்தம், டிக்கெட் விலை, ஊழியர் பண்பு எல்லாம் இதில் சேராது.

முதலில் அளவுகோல். ஜான் ஃப்ரூயின் 1971இல் பாதசாரிகளுக்காக வகுத்த தர வரிசையைத்தான் நிலையம் வடிவமைப்பவர்கள் இன்னமும் அடிப்படையாகப் பிடித்திருக்கிறார்கள். காத்து நிற்கும் இடத்தில் ஒருவருக்கு 1.2 சதுர மீட்டருக்கு மேல் கிடைத்தால் முதல் தரம். 0.65க்குக் கீழே போனால் யாரையும் இடிக்காமல் நடக்க முடியாது. 0.28க்குக் கீழே உடம்பு உடம்பைத் தொடும். 0.19க்குக் கீழே கடைசித் தரம், அசைய வழியில்லை. சட்டை போட்ட ஓர் ஆளை மேலிருந்து பார்த்தால் 46 செ.மீ.க்கு 61 செ.மீ. உள்ள ஒரு நீள்வட்டம், கிட்டத்தட்ட 0.21 சதுர மீட்டர். அப்படியென்றால் கடைசித் தரத்தில் ஆளின் சொந்தப் பரப்புகூட அவருக்கு மிஞ்சுவதில்லை. எள் விழ இடமில்லை என்கிறோமே, அதன் எண் வடிவம் இதுதான்.

நிலையத்தில் இதைக் கண்ணாலேயே அளக்கலாம். தரை ஓடு 60 செ.மீ. சதுரமாக இருந்தால் மூன்று ஓடு சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஓட்டுக்கு ஓர் ஆள் நின்றால் சதுர மீட்டருக்கு 2.8 பேர், நடப்பது சிரமம், ஆனால் உரசாமல் நிற்கலாம். ஓர் ஓட்டில் இரண்டு பேர் என்றால் 5.6. அந்த நிலையில் வரும் ரயிலில் ஏறப் பார்ப்பதைவிட அடுத்ததற்கு நிற்பது மேல். 30 செ.மீ. ஓடாக இருந்தால் பதினொன்றை ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தடங்கள்.

இந்தக் கணக்கில் காஜாங், புத்ராஜெயா எம்ஆர்டி (பெருந்திறன் மெட்ரோ ரயில்) தடங்கள் இரண்டும்தான் முதலில் வருகின்றன. காஜாங் தடம் 2016 டிசம்பரில் பாதியும் 2017 ஜூலையில் மீதியுமாகத் திறந்தது. புத்ராஜெயா தடம் 2022லும் 2023லும் இரண்டு கட்டமாக வந்தது. நான்கு பெட்டி ரயில், அதில் 1,200 பேர் போகலாம் என்பது காஜாங் தடத்துக்கு அறிவிக்கப்பட்ட கொள்ளளவு. அந்த எண்ணைவிடப் பெட்டியின் அமைப்புதான் இங்கே முக்கியம். எல்ஆர்டி எனும் இலகு ரயிலைவிட அகலமான பெட்டி, சுவரோரமாக நீளவாக்கில் இருக்கை, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கதவில்லாத திறந்த இணைப்பு. உள்ளே நின்றால் பார்வை ரயிலின் நீளத்துக்கு ஓடுகிறது. கண் எட்டும் தூரம்வரை இடம் தெரிந்தால், பக்கத்து ஆள் ஒட்டி நின்றாலும் மனசு அதை அவ்வளவாகப் பெரிதுபடுத்துவதில்லை. ஓட்டுநர் அறை கிடையாது என்பதால் முன் கண்ணாடியும் பயணிக்கே சொந்தம் (அந்த இடத்துக்குச் சிறு பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியிருக்கும்).

எல்லா எம்ஆர்டி நிலையங்களிலும் நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு உண்டு. பாதுகாப்புக்காக வைத்ததுதான், ஆனால் நெரிசல் கணக்கிலும் இரண்டு வேலை செய்கிறது. விளிம்பை ஒட்டி நிற்கலாம் என்பதால் மேடையின் பரப்பு முழுதும் பயன்படுகிறது. ரயில் கதவு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிவதால் வரிசை தானாக உருவாகிறது. கதவு எங்கே திறக்கும் என்று தெரியாத மேடையில் கூட்டம் மொத்தமும் ரயிலோடு சேர்ந்து நகரும். அந்த நகர்வில்தான் இடி விழுகிறது.

புக்கிட் பிந்தாங் எம்ஆர்டி நிலையத்தில் இரண்டு திசை மேடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். பேரங்காடிக் கூட்டம் எவ்வளவு இறங்கினாலும் ஒரு தளத்தில் ஒரு திசைக் கூட்டம் மட்டும்தான் இருக்கும். எதிரும் புதிருமாக நடப்பவர்கள் முட்டிக்கொள்வது குறைகிறது. துன் ரசாக் எக்ஸ்சேஞ்சிலும் அடுக்குமேடைதான். அங்கே ஒரு ரயிலிலிருந்து இறங்கி மேடையைக் குறுக்கே கடந்தால் மற்றத் தடத்தின் ரயில், படியே ஏற வேண்டாம். குவாசா டமன்சாராவிலும் அப்படித்தான். மாறும் நிலையம் என்றால் இப்படித்தான் கட்ட வேண்டும். பத்துக்கு எட்டரை.

கிளானா ஜெயா எல்ஆர்டிக்கு வருவோம். பெரும்பாலானோரின் கோபம் இந்தத் தடத்தின் மீதுதான், அந்தக் கோபத்துக்குக் கட்டுமானத்திலேயே காரணம் இருக்கிறது. 1998இல் ஓட ஆரம்பித்தபோது இரண்டு பெட்டி ரயில். நான்கு பெட்டி ரயில்கள் பத்தாண்டுக்குப் பிறகு வந்தன. சுரங்க நிலையங்களின் மேடை அந்த நீளத்துக்குக் கட்டியது, இனிமேல் இழுத்து நீட்ட முடியாது. ஆனால் தடம் மட்டும் 2016இல் புத்ரா ஹைட்ஸ்வரை நீண்டு 37 நிலையம் ஆகிவிட்டது. ஆட்களைக் கூடுதலாக ஏற்றப் பெட்டி சேர்க்கும் வழி அடைபட்டால் மிச்சம் இருக்கும் ஒரே வழி ரயில்களை அடுத்தடுத்து விடுவது. அப்படி விடும்போது ஒரு கதவு தாமதமானால்கூடத் தடம் முழுக்கப் பின்னால் இழுக்கும்.

அது எப்படி இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மேடைக்கு நிமிடத்துக்கு 40 பேர் வருகிறார்கள், ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ரயில் வரும்போது 120 பேர் காத்திருப்பார்கள். பன்னிரண்டு கதவு என்றால் கதவுக்குப் பத்துப் பேர். முந்தைய நிலையத்தில் யாரோ பையை நீட்டிக் கதவை மூடவிடாமல் செய்ய, ரயில் ஒரு நிமிடம் பிந்துகிறது. இப்போது 160 பேர், கதவுக்கு 13 பேருக்கு மேல். அவர்கள் ஏற அதிக நேரம் பிடிக்கும், ரயில் இன்னும் பிந்தும், அடுத்த மேடையில் இன்னும் அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். பின்னால் வரும் ரயிலோ காலியாக வந்து இதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். "அடுத்த ரயில் 1 நிமிடம்" என்று பலகை சொல்லும்போது முன்னால் நிற்கும் நெரிசலான ரயிலில் தலையைத் திணிப்பது வீண் வேலை என்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். அறிக்கையில் வரும் சராசரி ஒன்றாகவும் பயணிக்குத் தெரிகிற நெரிசல் வேறாகவும் இருப்பது ஏன் என்பதுதான் அது. ஒரு ரயிலில் 900 பேர், பின்னால் வந்ததில் 300 பேர். ரயில் கணக்கில் சராசரி 600. ஆனால் அந்த 1,200 பேரில் முக்கால்வாசிப் பேர் அனுபவித்தது 900 பேர் ரயிலைத்தான். ஒவ்வொருவரிடமும் "உங்கள் ரயிலில் எத்தனை பேர்" என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 750 வரும். இரண்டு கணக்கும் சரி. ஒன்று ரயிலை எண்ணுகிறது, இன்னொன்று ஆளை எண்ணுகிறது. "எப்போது பார்த்தாலும் கூட்டம்" என்று புலம்புகிறவர் மிகைப்படுத்தவில்லை. காலி ரயிலைப் பார்க்க அதில் ஆள் இருந்திருக்க வேண்டுமே!

கிளானா ஜெயா தடத்தின் அடுத்த குறை கண்ணுக்கு. பங்சார் பக்கமிருந்து வரும்போது ஜன்னலில் வெளிச்சம், மேம்பாலம், கார்கள் எல்லாம் தெரியும். பாசார் செனி தாண்டியதும் ரயில் மண்ணுக்குள் போகிறது. மஸ்ஜிட் ஜாமெக், டாங் வாங்கி, காம்போங் பாரு, கேஎல்சிசி, அம்பாங் பார்க் என ஐந்தும் சுரங்க நிலையங்கள். நகரத்தின் நடுப்பகுதி, ஆள் ஏறி இறங்குவது உச்சத்தில் இருக்கும் இடம், அங்கேதான் ஜன்னல் கறுப்பாகி, நிற்பவர்களின் முகத்தையே திருப்பிக் காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது. பெட்டியில் இருப்பவர்கள் இரட்டிப்பானது போலத் தோன்றும். நெருக்கமாக நிற்பவரைப் பார்க்காமல் இருக்க மனிதனுக்குக் கிடைக்கும் ஒரே ஒதுங்கிடம் வெளியே பார்ப்பதுதான். அதுவும் போனால் கைப்பேசிதான் கதி.

நெருக்கத்தின் தூரக் கணக்கை எட்வர்ட் ஹால் 1966இல் போட்டுவைத்திருக்கிறார்: 45 செ.மீ.க்கு உள்ளே வருவது வீட்டு மனிதர்களுக்கு உரிய தூரம், அதிலிருந்து 1.2 மீட்டர்வரை பழகியவர்களுக்கு. அவர் எழுதியது அமெரிக்கர்களைப் பார்த்து. ஊருக்கு ஊர் அது மாறும் என்பதையும் அவரே சொன்னார். நம் ஆட்களுக்கு, அதிலும் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நின்று பழகியவர்களுக்கு, 45 செ.மீ. ஒரு பொருட்டில்லை. ஆனால் பெண்களுக்கு ரயிலில் அந்தத் தூரம் என்பது மனக்கணக்கு மட்டும் இல்லை, பாதுகாப்புக் கணக்கும்கூட.

கிளானா ஜெயாவுக்கு ஆறு. சரியான கதவும் சரியான நிலையமும் தெரிந்தால் ஏழு.

அந்த ஒரு புள்ளியை எப்படி எடுப்பது? 1976இல் சுவீடனில் உல்ஃப் லுண்ட்பர்க் ரயில் பயணிகளின் சிறுநீரில் அட்ரினலினை அளந்தார். முதல் நிலையத்திலேயே ஏறி நெடுநேரம் பயணம் செய்தவர்களைவிடப் பாதி வழியில் ஏறியவர்களுக்குத்தான் பதற்றம் அதிகம். முதலில் ஏறியவர் இருக்கையைத் தேர்ந்தெடுக்கிறார், பிந்தி ஏறியவர் மிஞ்சியதை எடுக்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். கேரி எவன்ஸும் ரிச்சர்ட் வீனரும் நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டன் போகும் பயணிகளிடம் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பெட்டியில் மொத்தம் எத்தனை பேர் என்பது பெரிதாகப் பாதிக்கவில்லை, தன் இருக்கை வரிசையில் எத்தனை பேர் என்பதுதான் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலை ஏற்றியது. முன்னூறு பேர் தொந்தரவு இல்லை, இரண்டு முழங்கைகள்தான் தொந்தரவு.

ஆகவே இங்கே செய்ய வேண்டியது இது. மாலையில் கேஎல்சிசியில் புத்ரா ஹைட்ஸ் பக்கம் ஏற முடியவில்லை என்றால், எதிர்த்திசை ரயிலில் அம்பாங் பார்க்கோ டாமாயோ போய் அங்கே திரும்பி ஏறுங்கள். பத்து நிமிடம் போகும், நிற்கும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) பயண அட்டை வைத்திருப்பவருக்கு இதில் காசு நட்டம் கிடையாது. உள்ளே போனதும் கதவடியில் நிற்காதீர்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள பகுதி எப்போதும் முதலில் நிரம்பும், இருக்கைகளுக்கு இடையிலான நடைபாதை கடைசிவரை காலியாகக் கிடக்கும். இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் ஆட்களைக் கதவடியில் கட்டிப்போடுகிறது. கேஎல் சென்ட்ரலிலும் மஸ்ஜிட் ஜாமெக்கிலும் பெரிய இறக்கம் உண்டு, அங்கே வழி தானாகத் திறக்கும். முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். 25 செ.மீ. தடிமனான பை ஓர் ஆளின் தடிமனில் பாதி. நான்கு பை முதுகில் இருந்தால் இரண்டு ஆள் நிற்கும் இடம் காற்றில் போச்சு.

எல்ஆர்டியும் எம்ஆர்டியும் மாற வேண்டியவர்கள் பாசார் செனியில் மாறுங்கள், கட்டண வாயிலுக்கு உள்ளேயே நடந்துவிடலாம். கேஎல் சென்ட்ரலுக்கும் முசியம் நெகாராவுக்கும் இடையே மாறினால் வாயிலைக் கடந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். அம்பாங் பார்க்கிலும் அதே கதை. ஒரு பயணத்தில் ஆள் அதிகம் நெரிவது பெரும்பாலும் ரயிலுக்குள் அல்ல, இந்த வாயில்களிலும் மின்படிக்கட்டின் அடியிலும்தான்.

அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் தடங்களைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. எல்ஆர்டிகளில் மூத்தது, 1996இல் வந்தது, 2016 முதல் புதிய ஆறு பெட்டி ரயில்கள். சுரங்கமே கிடையாது, வழி நெடுக வெளிச்சம். மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து செந்தூல் தீமோர் போகும் வழியில் ஆறும் பழைய கட்டடங்களும் கண்ணுக்கு வேலை கொடுக்கும். அதே ஆள் எண்ணிக்கை இங்கே இலேசாகத் தெரிகிறது. எட்டு.

மோனோரயிலுக்கு ஐந்துதான். 2003 ஆகஸ்டு 31இல் திறந்தது, 8.6 கி.மீ., 11 நிலையம். ஆரம்பத்தில் இரண்டு பெட்டி, 2014 முதல் நான்கு பெட்டி ரயில்களும் சேர்ந்தன. ஒற்றை உத்தரத்தின்மேல் ஏறி உட்காரும் வண்டி என்பதால் சக்கரத்துக்கான இடம் பெட்டிக்குள்ளேயே மேடாக எழும்புகிறது. தரை ஒரே சமமாக இல்லாத பெட்டியில் ஆட்கள் உள்ளே நகர மாட்டார்கள், கதவடியிலேயே தேங்குவார்கள். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய லிட்டில் இந்தியாவான பிரிக்பீல்ட்ஸிலிருந்து புக்கிட் பிந்தாங் போக மோனோரயிலில் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஐந்தாவது நிலையம். முசியம் நெகாராவுக்கு நடந்து எம்ஆர்டி பிடித்தால் மூன்றாவது நிலையம். புடவைக் கடைப் பைகளோடு போகிறவர்கள் இரண்டாவது வழியை எடுப்பது உத்தமம். புக்கிட் பிந்தாங்கிலிருந்து கேஎல்சிசி போவதற்கு ரயிலே வேண்டாம், 2012இல் திறந்த குளிரூட்டிய மேல்நடைபாதை ஏறத்தாழ 1.2 கி.மீ.தான்.

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் ஒரு கிளைக்கதை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலாலம்பூர் சுமார் 19.8 லட்சம் பேர், 243 சதுர கி.மீ., சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரத்துச் சொச்சம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் நின்றால் ஒன்றும் விளங்காது. ஒரு தெரு எவ்வளவு அடர்த்தி என்பதை மனிதன் தலை எண்ணி முடிவு செய்வதில்லை என்று 1975இல் ஆமோஸ் ராப்பபோர்ட் எழுதினார். சத்தம், பெயர்ப்பலகை, வண்டி, வாசனை, கட்டட உயரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறான். பூக்கடை, கேசட் காலத்திலிருந்து ஓயாத பாட்டு, வாழையிலைச் சாப்பாட்டுக்கடையின் சாம்பார் மணம், நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள். இருநூறு பேர் நடமாடும் தெரு இரண்டாயிரம் பேர் போலத் தெரியும். மோண்ட் கியாராவில் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஆட்கள் அடைந்திருந்தாலும் தெருவில் ஈ காக்கை இல்லை. அதை யாரும் நெரிசலான பேட்டை என்று சொல்வதில்லை.

மழையைச் சொல்லாமல் இந்த ஊர் ரயிலை மதிப்பிட முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நாலு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். அலுவலகக் கூட்டம் மழை விடட்டும் என்று காத்திருந்து, விட்டதும் ஒரே அலையாகப் புறப்படும். ஈரக் குடை ஒன்று தன்னைச் சுற்றி ஓர் அடி இடத்தை யாரும் நெருங்காமல் வைத்துக்கொள்ளும். ஒரு மனித உடம்பு சும்மா நின்றாலே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. ஒரு பெட்டியில் இருநூறு பேர் என்றால் 20 கிலோவாட். ஈரச் சட்டையின் ஆவியும் சேர்ந்தால் குளிரூட்டி திணறத்தான் செய்யும். அதே ஆள் எண்ணிக்கை, அதே பெட்டி, ஐந்து பாகை கூடினால் நெரிசல் ஒரு படி ஏறிவிடும். மழை விட்ட முதல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு ஏறுங்கள்.

கடைசியாகப் புறநகர் ரயிலான கொமுட்டர். 1995 முதல் ஓடுகிறது, பத்துமலைக்கு 2010இல் வந்தது. ரயில் நீளம், ஆறு பெட்டி. நடுப் பெட்டிகள் பெண்களுக்கு, இதுவும் 2010இல் வந்த ஏற்பாடு. 45 செ.மீ. கணக்கை நேராக எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது என்று சொல்லலாம். இங்கே நெரிசலை உண்டாக்குவது இடப் பற்றாக்குறை இல்லை, அட்டவணை. கால் மணி, அரை மணிக்கு ஒரு ரயில் என்றால் இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்ற பதைப்பு எல்லோரையும் முதல் கதவுக்குத் தள்ளும். எல்ஆர்டியில் விட்டுவிடக்கூடிய ரயிலை இங்கே யாரும் விட மாட்டார்கள். சாதாரண நாளுக்கு ஆறு.

தைப்பூசத்தை இந்த மதிப்பெண்ணில் அடக்க முடியாது. ஜொனத்தன் ஃப்ரீட்மன் 1975இல் சொன்னது: நெருக்கம் புதிதாக ஒரு மனநிலையை உண்டாக்குவதில்லை, இருக்கிற மனநிலையைப் பெரிதாக்குகிறது. வேண்டுதலோடு வருபவர்களின் ரயிலில் வேல் வேல் முழக்கத்துக்கு நடுவே பால்குடம் சிந்தாமல் நிற்பவருக்கு எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்கள். அதே ரயில் மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களோடு ஓடும்போது முழங்கை பட்டால் முறைப்பார்கள். ஆனால் பக்தி உடம்பின் அளவைச் சுருக்காது. சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர்போல நகர ஆரம்பிக்கும், காலைத் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, ஒருவர் தடுக்கினால் பின்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. படியில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பத்துமலைக் கொமுட்டர் நிலையம் கோயில் வளாகத்தை ஒட்டியே இருப்பதால் திரும்பும் கூட்டம் முழுக்க ஒரே வாயிலில் வந்து முட்டும். போகும்போதே அட்டையில் திரும்பும் கட்டணமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து நடத்தாமல் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் இடுப்புயரத்தில் காற்று இருக்காது. முன்னால் நிற்பவரின் முதுகு மார்பில் படும் அளவுக்கு வந்துவிட்டால் எதிர்த்துத் தள்ளாமல், கையை மார்புக்கு முன் மடித்து வைத்துக்கொண்டு, ஓரம் பார்த்துச் சாய்வாக நகர்ந்து வெளியே வாருங்கள்.